செம்பும் ஸ்பிரிட்டும் ஹைட்ரஜனும்

ஹைட்ரஜன் என்றதும் நம் வயதுக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது தேர்த் திருவிழா பலூன்காரர்தான். இரும்பு உருளைக்குள் அலுமினியத் துண்டுகளையும் காஸ்டிக் சோடாவையும் போட்டுத் தண்ணீர் ஊற்றி மூடியைத் திருகினால் உள்ளே கொதிக்கிற சத்தம் கேட்கும். குழாய் முனையில் பலூனை மாட்ட வேண்டியதுதான், உப்பிக்கொண்டு மேலே இழுக்கும். அந்த உருளை வெடித்த செய்தியும் அவ்வப்போது பேப்பரில் வரும். அதனால் ஹைட்ரஜன் என்பது குழந்தைகள் விளையாட்டும் பெரியவர்கள் பயமும் கலந்த ஒரு சமாசாரமாகவே நமக்கு இருந்து வந்தது.

இப்போது அது அரசாங்க சமாசாரம் ஆகிவிட்டது. 2023 ஜனவரியில் மத்திய அரசு பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. ஒதுக்கீடு 19,744 கோடி ரூபாய். 2030க்குள் வருடத்துக்கு 50 லட்சம் டன் தயாரிக்க வேண்டும் என்பது இலக்கு. சூரிய ஒளி, காற்று இவற்றிலிருந்து வரும் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரைப் பிரித்து எடுக்கும் ஹைட்ரஜனுக்குத்தான் "பசுமை" என்று பெயர். இந்தக் கட்டுரை அதன் ஒரு கிளைக் கதை. தண்ணீரோடு கொஞ்சம் ஆல்கஹாலையும் சேர்த்து, செம்புத் தகட்டை உள்ளே விட்டால் மின்செலவு குறையும் என்று சொல்கிறார்கள். புதுக் கண்டுபிடிப்பு போலத் தெரிகிற இதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட பூர்வீகம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி நம் காரைக்குடியில் நடந்தது.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இதைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். எங்களுக்கு ஹைட்ரஜன் கிடையாது, "இத்ரோழென்"தான். செம்பு "குய்வ்ர்". பெயர் வைத்தவர் லவாசியே (தமிழ்ப் புத்தகங்களில் லவாய்சியர்). நீரைப் பிறப்பிப்பது என்று அர்த்தம். ஆக்சிஜனுக்கு அவர் வைத்த பெயருக்கு அமிலத்தைப் பிறப்பிப்பது என்று அர்த்தம். எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் இருக்கும் என்று அவர் நினைத்தது பின்னால் பொய்யாகிவிட்டது, பெயர் மட்டும் நிலைத்தது. ஆனால் நம் கதையில் அந்தப் பெயர் பொருத்தமாகவே வரப்போகிறது. லவாசியே தொழில் முறையில் வரிவசூல் குத்தகைக்காரர்களில் ஒருவர். அந்தக் குற்றத்துக்காகவே 1794 மே 8ஆம் தேதி தலை போனது. வரவு எவ்வளவோ செலவும் அவ்வளவு என்ற கணக்குப்பிள்ளை புத்தியைத் தராசோடு வேதியியலுக்குள் கொண்டுவந்தவர் அவர். கணக்குப் பார்த்தே காலம் தள்ளிய என் போன்றவர்களுக்கு அவர் மேல் தனிப் பிரியம் இருப்பதில் ஆச்சரியமில்லை.

1800இல் வோல்டாவின் மின்கல அடுக்கைப் பற்றிய செய்தி லண்டனுக்கு எட்டியதும் நிக்கல்சன், கார்லைல் என்ற இருவர் அதன் கம்பிகளைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்த்தார்கள். முதலில் விட்டது பித்தளைக் கம்பி. ஒரு கம்பியில் ஹைட்ரஜன் குமிழி குமிழியாக வந்தது. மறு கம்பியில் குமிழி வரவில்லை, கம்பி நிறம் மாறிக் கறுத்துப் போனது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்புதானே. வரவேண்டிய ஆக்சிஜன் அந்தச் செம்பையும் துத்தநாகத்தையும் பிடித்துக்கொண்டது. பிறகு பிளாட்டினக் கம்பியை வைத்ததும் இரண்டு பக்கமும் வாயு வந்தது. இந்தக் கறுத்த கம்பியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரைப் பிரிப்பதில் உள்ள தொந்தரவு இதுதான். எதிர்முனையில் ஹைட்ரஜன் சுலபமாக வந்துவிடும். நேர்முனையில் ஆக்சிஜன் வருவதுதான் பிடிவாதம் பிடிக்கும். கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையில் 1.8, 2 வோல்ட் வரை கொடுத்தால்தான் காரியம் வேகமாக நடக்கும். அந்த உபரியில் பெரும்பங்கு ஆக்சிஜன் முனையிலேயே விரயமாகிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க ஏறக்குறைய 50 யூனிட் மின்சாரம் ஆகும். நம் வீட்டு மின்கட்டண அட்டையை எடுத்துப் பார்த்தால் அது எத்தனை நாள் செலவு என்று தெரியும். இவ்வளவு செலவழித்து வாங்கிய ஆக்சிஜனையாவது விற்கலாம் என்றால், பெரும்பாலும் அதைக் காற்றில் விட்டுவிடுகிறார்கள்.

நம் நாட்டில் இது நடக்காத காரியம் அல்ல. பஞ்சாபில் நங்கல் உரத் தொழிற்சாலை 1961இல் உற்பத்தியைத் தொடங்கியபோது, பக்ரா அணையின் மலிவான மின்சாரத்தில் தண்ணீரைப் பிரித்துத்தான் உரத்துக்கு ஹைட்ரஜன் எடுத்தார்கள். அதையொட்டியே 1962இல் இந்தியாவின் முதல் கனநீர் ஆலையும் அங்கே வந்தது. நமக்குப் பக்கத்துக் கல்பாக்கம் அணுஉலைகள் கேட்பதும் அந்தக் கனநீர்தான். பிற்பாடு மின்சாரத்துக்கு வேறு கிராக்கிகள் வந்ததும் எண்ணெயிலிருந்து ஹைட்ரஜன் எடுப்பது லாபம் என்றாகி, நங்கலில் அந்த வழி கைவிடப்பட்டது. பசுமை ஹைட்ரஜன் என்று பெயர் வைப்பதற்கு அறுபது வருடம் முன்னால் அதைச் செய்து, யூனிட் கணக்கு கட்டுப்படியாகாமல் விட்டவர்கள் நாம். அதனால்தான் யூனிட் செலவைக் குறைக்கிறேன் என்று யார் சொன்னாலும் காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

எங்கள் தெருவில் ஒரு பெண் இரண்டு வருடமாக இதே ஆராய்ச்சியில் இருக்கிறாள். தினமும் கூடுவாஞ்சேரி ஸ்டேஷனில் ரயிலேறிப் போகிறவள். "தாத்தா, ஆக்சிஜன் வரலைன்னா நமக்கு என்ன நஷ்டம்? அந்தப் பக்கம் சுலபமா எரியுற வேற ஒண்ணைக் கொடுத்துட்டா போதும்" என்றாள். அவ்வளவுதான் சூட்சுமம். நேர்முனையின் வேலை எலக்ட்ரானைப் பறிப்பது. தண்ணீரிடம் பறிப்பது கஷ்டம், ஆல்கஹாலிடம் பறிப்பது சுலபம். ஆல்கஹால் எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டு அமிலமாகிவிடும். எத்தனால் கொடுத்தால் அசிட்டிக் அமிலம், மெத்தனால் கொடுத்தால் ஃபார்மிக் அமிலம். எதிர்முனையில் ஹைட்ரஜன் வழக்கம்போல வரும். ஒரே மின்சாரத்தில் இரண்டு பக்கமும் விலைபோகும் சரக்கு. இன்னொரு நன்மையும் உண்டு: ஆக்சிஜனே வராததால், ஹைட்ரஜனோடு அது கலந்து வெடிக்கும் பயமும் இல்லை.

இதற்கு நடுவில் ஒரு தரகர் வேண்டும். கல்யாணத் தரகர் போல இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டுத் தான் மாறாமல் அடுத்த வீட்டுக்குப் போகிறவர். அதுதான் வினையூக்கி. பிளாட்டினம் நன்றாகத் தரகு செய்யும், விலை கட்டாது. செம்பு மலிவு. செம்பின் மேல் படிகிற ஆக்சைடுதான் இங்கே வேலை செய்கிறது. அந்தப் படலம் ஆல்கஹாலிடம் எலக்ட்ரானை வாங்கி மின்கம்பிக்குக் கைமாற்றி விடுகிறது. சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவை ஒட்டிய மலத்துக்குச் செம்பில் களிம்பை உவமை சொல்வார்கள். நம் வீட்டுப் பெண்கள் புளி போட்டுத் தேய்த்து விரட்டியது அதைத்தான். இங்கே வேலை செய்கிற கறுப்புப் படலம் அந்தப் பச்சைக் களிம்பு இல்லைதான், என்றாலும் ஒரே குடும்பம். 1800இல் லண்டனில் கறுத்த பித்தளைக் கம்பியும் அதே வகையறா.

செம்புக்கு எலக்ட்ரான் வாங்குகிற சுபாவம் உண்டு என்பதை நம்மில் பலர் கண்ணால் பார்த்திருக்கிறோம். சர்க்கரை வியாதிக்கு இப்போது விரலில் குத்தி மிஷினில் வைக்கிறோம். அப்போது பெனடிக்ட் கரைசல்தான். நீல நிறக் கரைசல் 5 மில்லி, அதில் எட்டுச் சொட்டு சிறுநீர், சோதனைக் குழாயை இடுக்கியில் பிடித்து ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் நிம்மதி. பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என்று போகப் போக அன்றைய சாப்பாடு குறையும். அந்த நீலம் செம்பு. சர்க்கரையிடமிருந்து எலக்ட்ரான் வாங்கிக்கொண்டால் அது சிவந்த ஆக்சைடாகப் படியும். கம்பியும் மின்சாரமும் இல்லாததுதான் வித்தியாசம்.

செம்பையும் ஆல்கஹாலையும் ஹைட்ரஜனையும் முறையாகச் சேர்த்து வைத்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர், போல் சபாத்தியே. 1854இல் கர்கசோன் நகரில் பிறந்தவர். பாரிஸ் கூப்பிட்டும் போகாமல் துலூஸ் நகரத்திலேயே காலத்தைக் கழித்தவர். அவரும் சாந்தெரான்ஸ் என்ற பாதிரியாரும் சேர்ந்து செய்த வேலைகளில் இரண்டு முக்கியம். ஒன்று, பொடியாக்கிய நிக்கல் மேல் ஹைட்ரஜனைச் செலுத்தினால் அது மற்றப் பொருளுக்குள் ஏறிக்கொள்ளும் என்று காட்டியது. அந்த அடிப்படையில் எண்ணெய்க்குள் ஹைட்ரஜன் ஏற்றுவதற்கு 1902இல் ஜெர்மானியர் வில்ஹெல்ம் நோர்மன் காப்புரிமை எடுத்தார். அந்த வழியில் வந்ததுதான் 1937இல் இந்தியாவுக்கு வந்த டால்டா. மஞ்சள் டப்பாவும் பனைமரப் படமும் மறக்குமா? இரண்டாவது அதற்கு நேர் எதிர். சுமார் 200 முதல் 300 டிகிரி சூட்டில் உள்ள செம்பின் மேல் ஆல்கஹால் ஆவியைச் செலுத்தினால் ஹைட்ரஜன் கழன்று வெளியே வந்துவிடும், மிஞ்சுவது ஆல்டிஹைடு. நிக்கல் ஏற்றும், செம்பு இறக்கும். 1912இல் சபாத்தியேவுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாதியை வாங்கிக்கொண்டவர் கிரின்யார் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், அவர் செய்தது வேறு வேலை. கூடவே உழைத்த பாதிரியாருக்கு ஒன்றுமில்லை. எனக்கு அது நியாயமாகப் படவில்லை.

ஆல்டிஹைடு என்ற பெயரிலேயே இந்தக் கதை ஒளிந்திருக்கிறது. 1835இல் லீபிக் என்ற ஜெர்மானியர், "ஹைட்ரஜன் நீக்கிய ஆல்கஹால்" என்று பொருள்படும் லத்தீன் சொற்களைச் சுருக்கி அதை உண்டாக்கினார். ஆல்கஹால் என்ற சொல் அரபியில் கண்ணுக்கு இடும் மையிலிருந்து வந்தது என்பது உபரித் தகவல்.

சபாத்தியேவுக்கு அடுப்புச் சூடு வேண்டியிருந்தது. அதே வேலையை அறைச் சூட்டில், காரக் கரைசலில், மின்முனையாக வைத்துச் செய்வதை ஒழுங்காக அளந்தவர்களில் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்த ஃப்ளீஷ்மன், கோரினெக், பிளெட்சர் குழு முக்கியமானது. நிக்கல், வெள்ளி, செம்பு, கோபால்ட் நான்கின் ஆக்சைடு படிந்த முனைகளில் ஆல்கஹால் எப்படி எலக்ட்ரானை இழக்கிறது என்று 1972இல் கட்டுரை வெளியிட்டார்கள். இந்த ஃப்ளீஷ்மன்தான் 1989இல் மேசை மேல் ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் அணுக்கரு இணைப்பை நடத்திவிட்டதாக அறிவித்து உலகத்தையே கலக்கியவர். மற்றவர்கள் செய்து பார்த்து வராததால் பெயர் கெட்டது. 1972 வேலை கெட்டுப்போகவில்லை, இன்றும் ஆராய்ச்சிக்காரர்கள் அதைத்தான் முதலில் எடுத்துப் படிக்கிறார்கள்.

இனி காரைக்குடிக்கு வருவோம். பல்லவன் எக்ஸ்பிரஸ் தினமும் அங்கிருந்துதான் நம் ஊரைத் தாண்டி எழும்பூர் போகிறது, நிற்பதில்லை என்பது வேறு விஷயம். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை அந்த ஊர்க்காரர்கள் "சிக்ரி" என்பார்கள். வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் தேதி, பொங்கல் சமயத்தில், டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். பெரிய துறைமுகமோ தொழிற்சாலையோ இல்லாத செம்மண் பூமியில் இப்படியொரு நிலையம் எதற்கு என்று அன்று கேட்டிருக்கக்கூடும். நாட்டிலே மின்பகுப்புத் தொழில் என்று விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் இருந்தது. மேட்டூரில் அணை மின்சாரத்தை நம்பி உப்பைப் பிரித்துக் காஸ்டிக் சோடா எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்ரியின் இயக்குநராக இருந்த எச்.வி.கே. உடுப்பாவுக்கு மின்சாரத்தைக் கொண்டு மருந்து, சாயம் இவற்றுக்கான கரிமப் பொருள்கள் செய்வதில்தான் நாட்டம். அந்த வரிசையில் அங்கே வகுக்கப்பட்ட ஒன்று கால்சியம் குளுக்கோனேட். கால்சியம் குறைந்தவர்களுக்கு டாக்டர் மெதுவாக ஏற்றுகிற ஊசி மருந்து. குளுக்கோஸ் கரைசலில் கொஞ்சம் புரோமைடு உப்பைச் சேர்த்து மின்சாரம் விட்டால் நேர்முனைப் பக்கம் குளுக்கோஸ் அமிலமாகிறது, சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொள்கிறது. இங்கே தரகர் செம்பு அல்ல, புரோமின். எதிர்முனையில் என்ன வரும்? ஹைட்ரஜன்தான். அன்று நோக்கம் மருந்து, ஹைட்ரஜன் கழிவு. இன்று நோக்கம் ஹைட்ரஜன், அமிலம் கூடுதல் வரும்படி. வண்டி ஒன்றேதான், ஏறி உட்காருகிறவர் இடம் மாறியிருக்கிறார். ஒரு பக்கத்தை வீணாக்காமல் விற்பது என்ற புத்தி காரைக்குடியில் அரை நூற்றாண்டுக்கு முன்பே இருந்தது என்று நான் சொல்வது இதைத்தான்.

இதே வினை மனித உடம்பிலும் நடக்கிறது. 2023 மே மாதம் நம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் மரக்காணம் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 20 பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனால் அப்படியே கொல்வதில்லை. கல்லீரல் அதிலிருந்து ஹைட்ரஜனைக் கழற்றி ஃபார்மால்டிஹைடு ஆக்குகிறது, பிறகு ஃபார்மிக் அமிலம் ஆக்குகிறது. கண்ணைப் பறிப்பதும் உயிரைப் பறிப்பதும் அந்த அமிலம். செம்பு முனையில் ஆராய்ச்சிக்காரர்கள் ஆசை ஆசையாக எதிர்பார்க்கிற அதே இரண்டு படிகள். நான் வேலையில் இருந்த காலத்தில் சில வருடம் ஸ்பிரிட் பெர்மிட் ஃபைல்கள் என் மேசையில் இருந்தன. எத்தனை லிட்டர் வந்தது, எத்தனை போனது, ஆவியானதாக எத்தனை காட்டலாம் என்பதற்கெல்லாம் விதி உண்டு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: தொழிலுக்கென்று ஊருக்குள் மெத்தனால் டிரம்கள் பெருகினால் பூட்டும் பதிவேடும் கூடவே பெருக வேண்டும். ஹைட்ரஜன் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதில்லை.

சரி, இப்போது கணக்கு. சீனாவின் ஹூனான் பல்கலைக்கழகக் குழு 2022இல் வெளியிட்ட முடிவு பலரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது. செம்பு முனையில் ஆல்கஹாலுக்குப் பதில் ஆல்டிஹைடையே கொடுத்தார்கள். அதில் விசேஷம், நேர்முனையிலும் ஹைட்ரஜனே வருகிறது. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜனுக்குச் சாதாரண முறையில் 5 யூனிட் ஆகிற இடத்தில் 0.35 யூனிட்தான் ஆனது. பதினான்கில் ஒரு பங்கு! ஆனால் பேரேட்டில் ஆரம்ப இருப்பு என்று ஒரு பத்தி உண்டே. ஃபார்மால்டிஹைடு மெத்தனாலிலிருந்து வருகிறது. மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. மின்சாரத்தில் மிச்சம் பிடித்தது அங்கே ஏற்கெனவே செலவாகியிருக்கிறது.

எத்தனால் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 11½ கிலோ எத்தனால் வேண்டும், அதாவது 14½ லிட்டர். கிடைக்கும் அசிட்டிக் அமிலம் 15 கிலோ. செம்பு காரக் கரைசலில்தான் வேலை செய்யும், வருகிற அமிலம் காரத்தைத் தின்றுவிடும். அந்த வகையில் 10 கிலோ காஸ்டிக் சோடா செலவு. வோல்ட் குறைவதால் மிச்சமாவது, நல்ல செம்பு முனையாக இருந்தால், 50 யூனிட்டில் 13 யூனிட் அளவு. அந்த 10 கிலோ காஸ்டிக் சோடாவைத் தயாரிக்கவே சுமார் 25 யூனிட் ஆகியிருக்கும். சோடியம் அசிட்டேட்டை நல்ல விலைக்கு விற்றால்தான் இந்த வியாபாரம். 50 லட்சம் டன் ஹைட்ரஜனையும் இந்த வழியில் எடுத்தால் 7½ கோடி டன் அசிட்டிக் அமிலம் கையில் நிற்கும். உலகம் முழுவதும் வருடத்துக்குத் தயாராவதே 2 கோடி டன்னுக்குள்தான். யார் வாங்குவது? கரும்பும் மக்காச்சோளமும் அரிசியும் போட்டுக் காய்ச்சிய எத்தனாலை ஏற்கெனவே பெட்ரோலில் கலந்துகொண்டிருக்கிறோம். அதற்கு மேல் 5¾ கோடி டன்னுக்கு நிலம் எங்கே இருக்கிறது?

அதற்காக அந்தப் பெண்ணின் வேலை வீண் என்று நான் சொல்லமாட்டேன். அவளே போன மாதம் எத்தனாலை விட்டுவிட்டுக் கிளிசரினுக்கு மாறியிருக்கிறாள். கிளிசரினும் ஒரு ஆல்கஹால்தான். சோப்பு காய்ச்சும்போதும் எண்ணெயிலிருந்து பயோடீசல் எடுக்கும்போதும் மிஞ்சுவது, அதற்கென்று நிலம் உழ வேண்டாம். செம்பு முனையில் அது உடைந்து சோடியம் ஃபார்மேட் ஆகிறது. அதை வாங்க நம் பக்கத்திலேயே ஆள் உண்டு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் ஷெட்டுகளில் குரோம் பதனிடும்போது அதைச் சேர்ப்பது வழக்கம். குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டை வழியாகத்தானே நாம் தினமும் சென்னைக்குப் போகிறோம். ஃபார்மிக் அமிலமாக மாற்றிக் கொடுத்தால் கன்னியாகுமரி ரப்பர்த் தோட்டங்களில் பாலை உறைய வைக்க வாங்கிக்கொள்வார்கள். ஷெட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு கலத்தை வைத்து, தேவைப்படும் ஃபார்மேட்டைத் தயாரித்துக்கொண்டு, கூடவே வருகிற ஹைட்ரஜனை அங்கேயே பாய்லரில் எரிக்கலாம். நாடு முழுவதற்கும் என்று இதைப் பேசுவதைவிட, ஒரு தாலுகாவுக்கு என்று பேசினால் கணக்கு உதைக்காது.

மீதி இருப்பது செம்பின் ஆயுள். தண்ணீரைப் பிரிக்கும் தொழிற்சாலைக் கலங்கள் 60,000 மணி நேரத்துக்கு மேல் ஓடுகின்றன. ஆராய்ச்சிக் கட்டுரைகளில் செம்பு முனைகளுக்குக் காட்டுவது பெரும்பாலும் சில பத்து மணி நேரம், மிஞ்சினால் சில நூறு. காரக் கரைசலில் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறது, கரைந்தது எதிர்முனையில் போய்ப் படிந்துகொள்கிறது. நிக்கலோடு கலந்து பார்க்கிறார்கள், கடற்பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையாகச் செய்து பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணின் முனை இப்போது 120 மணி நேரம் தாண்டியிருக்கிறதாம். சனி, ஞாயிறும் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள்.